பறக்க மறுத்த ஹெலியைப் பறக்கவிடாமல் தூக்கிச் செல்வது

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓர் இராணுவ ஹெலிகொப்டர் இன்னொரு ஹெலிகொப்டரைக் கயிற்றில் தொங்கவிட்டபடி மலைகளுக்கு மேலே போகும் காணொளி அவருடைய கைத்தொலைபேசிக்கு வந்திருக்கிறது. இது உண்மையா, உண்மையென்றால் விழுந்த இடத்திலேயே திருத்தாமல் ஏன் இந்தப் பாடு, தொங்குகிற ஹெலிக்கு ஏன் விசிறியைக் காணவில்லை, வாலில் ஏன் ஒரு சின்னப் பரசூட், நம் இலங்கை விமானப்படையால் இப்படிச் செய்ய முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், "கயிறு அறுந்தால் என்ன நடக்கும் ஐயா?" என்றும் ஒரு கேள்வி.

உண்மைதான் தம்பி. புதிய வித்தையும் அல்ல. வியட்நாம் போரில் சுடப்பட்டும் பழுதாகியும் வயல்களிலும் காடுகளிலும் கிடந்த விமானங்களையும் ஹெலிகளையும் அமெரிக்க இராணுவத்தின் சினூக் என்ற பெரிய பாரந்தூக்கும் ஹெலிகள் இப்படித்தான் தூக்கி வந்தன. அப்படித் தூக்கியவை 11,000க்கு மேல் என்பது அவர்களுடைய கணக்கு. வயிறே இல்லாமல் முதுகெலும்பு மட்டும் உள்ள வெட்டுக்கிளி போன்ற ஸ்கைக்ரேன் என்ற ஹெலியும் அங்கே இதே வேலையைப் பார்த்தது.

நான் விமானி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கிக்குக் கீழே நின்று பதினேழு வருடம் கயிறு கட்டியவன். பிறகு வளைகுடா நாடொன்றின் எண்ணெய் வயலுக்குப் போய், ஆறு வருடம் ஹெலிகொப்டரின் வயிற்றுக்குக் கீழே நின்று அதே கயிற்றைக் கட்டியவன். மேலே உட்கார்ந்திருப்பவரின் கதையைவிடக் கீழே நிற்பவனின் கதைதான் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வேலையில் பாதிக்கு மேல் கீழே நிற்பவனுடையது என்பதும் என் கட்சி.

எல்லோரும் கேட்பது, "அவ்வளவு பாரத்தை எப்படித் தூக்குகிறது?" என்றுதான். பாரம் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாரத்தைக் கடதாசியில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம்; முடியாது என்று விடை வந்தால் அந்த வேலையைத் தொடமாட்டார்கள். ஆளைத் தின்பது வேறொன்று. பீரங்கியைத் தொங்கவிட்டால் அது தொங்கும். சீமெந்து மூட்டைகளை வலையில் கட்டித் தொங்கவிட்டால் அவையும் தொங்கும். ஹெலிகொப்டரைத் தொங்கவிட்டால் அது பறக்கப் பார்க்கும். அதற்கென்றே செய்த உடம்பு அது. எஞ்சின் செத்துப்போய்விட்டது என்பது காற்றுக்குத் தெரியாது. மூக்கிலிருந்து வால் வரை காற்றைப் பிடித்துத் திரும்பவும் எழும்பவும் வளைத்த தகடுகள். ஆகவே இந்த வேலை முழுவதும், பறப்பதற்கென்று செய்த ஒன்றை ஒரு மணித்தியாலத்துக்குப் பறக்காத ஒன்றாக மாற்றிக் கட்டும் வேலை.

உதாரணத்துக்கு அதிக தூரம் போகவேண்டாம். 2020 செப்டெம்பரில் நமது கிழக்குக் கரைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது, நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலி வயிற்றின் கீழே பெரிய வாளி ஒன்றைத் தொங்கவிட்டுக் கடல்நீரை அள்ளி ஊற்றியது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீர் நிறைந்த அந்த வாளி தங்கமான பாரம்: சின்ன உருவம், பெரிய எடை, காற்றுக்குப் பிடி கொடுக்காது. அதே வாளி தண்ணீரைக் கொட்டியபின் திரும்பிவருவதைக் கவனித்துப் பாருங்கள். படபடவென்று அடித்துக்கொண்டு பின்னால் இழுபடும். எடை போனபின்தான் விமானிக்குப் பயம் அதிகம்.

எண்ணெய் வயலில் ஒருநாள் வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்றைத் தூக்கவேண்டியிருந்தது. நூறு கிலோ இருக்குமோ என்னவோ. காலையில் அதே ஹெலி இரண்டு தொன் குழாய்க் கட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவிட்டுப் போயிருந்தது. தாங்கியை நான்கு பட்டி போட்டுக் கட்டிக் கொடுத்தோம். எழும்பி முந்நூறு மீற்றர் போகவில்லை, தாங்கி பம்பரம்போலச் சுற்றத் தொடங்கியது. பிறகு பக்கவாட்டில் வீசத் தொடங்கியது. கடைசியில் ஹெலியின் வால் உயரத்துக்கே மேலேறி வந்தது. விமானி பொத்தானை அழுத்தினார். தாங்கி மணலில் விழுந்து மூன்று தரம் துள்ளிவிட்டு நின்றது. எங்கள் மேற்பார்வையாளர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதமுடியாது. தவறு எங்களுடையதுதான்: அரைவாசித் தண்ணீர் நிரப்பி அனுப்பியிருக்கவேண்டும்.

இப்போது அந்தத் தாங்கியின் இடத்தில் இறக்கைகளும் வாலும் உள்ள ஒரு ஹெலியை வைத்துப் பாருங்கள். நான் எதைச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

"ஏன் அங்கேயே திருத்தக்கூடாது?" என்ற கேள்விக்கு வருகிறேன். திருத்துவதுதான் எப்போதும் முதல் முயற்சி. தொழில்நுட்பவியலாளர் இருவரையும் உதிரிப்பாகத்தையும் கொண்டுபோய் இறக்கி, ஒரு முறை பறந்து தளத்துக்குத் திரும்பும் அளவுக்குச் சரிசெய்தால் போதும். எஞ்சினையே வெளியிடத்தில் வைத்து மாற்றிவிடுவார்கள். அது முடியாவிட்டால், வீதி இருந்தால், தட்டையான நீள லொறியில் ஏற்றுவார்கள். பக்கத்தில் கடல் இருந்தால் அதுவும் ஒரு வழி. 2022 ஓகஸ்டில் நோர்வேயின் சென்யா தீவில், ஹெலியைப்போல நிமிர்ந்து எழும் அமெரிக்க ஒஸ்பிரே விமானம் ஒன்று அவசரமாகத் தரையிறங்கி, வீதியில்லாத கடலோரத்தில் மாட்டிக்கொண்டது. கடைசியில் பாரந்தூக்கி பூட்டிய கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்துதான் தூக்கினார்கள். எங்கள் உட்துறைமுகத்தில் பழகிய எவனுக்கும் அந்த வழிதான் முதலில் தோன்றியிருக்கும்.

இவை எதுவும் சரிவராத இடம் சதுப்பு, காடு, மலைச்சரிவு. எதிரி பக்கத்தில் இருந்தால் திருத்திக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அப்போதுதான் கயிறு. கயிறும் முடியாவிட்டால் வெடிவைத்து அழித்துவிட்டுப் போவார்கள். 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோத்தாபாத்தில் பின்லேடனின் வளவுக்குள் விழுந்த அமெரிக்க ஹெலியைப் படையினர் அழித்தும், வால் மட்டும் மதிலுக்கு வெளியே கிடந்து உலகம் முழுவதும் படமாக வந்தது.

சரி, பாரக் கணக்கு. எங்கள் ஊர் வானத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய ஹெலிகளையே எடுத்துக்கொள்வோம். பெல் 212 வெறுமையாக ஏறத்தாழ 2,800 கிலோ. எம்ஐ-17 தன் வெளிக் கொழுக்கியில் தூக்கக்கூடியது, அதன் வகையைப் பொறுத்து, 3,000 முதல் 4,000 கிலோ சொச்சம். ஆகவே கடதாசியில் எம்ஐ-17 ஒன்று பெல் 212 ஒன்றைத் தூக்கும். ஆனால் மட்டுமட்டாக. அதனால்தான் தொங்கப்போகும் ஹெலியை உரித்தெடுப்பார்கள். முதலில் எரிபொருள்: பெல் 212இன் தாங்கி நிறைந்திருந்தால் அதுவே 650 கிலோ அளவில் வரும். பிறகு இருக்கைகள், கதவுகள், ஆயுதங்கள், தோட்டாக்கள், பற்றரி, விசிறித் தகடுகள். எஞ்சினையும் இறக்குவதுண்டு. தூக்கப்போகும் ஹெலியும் தன் பங்குக்கு மெலியவேண்டும். போய்ச்சேரத் தேவையான எரிபொருளும் அவசரத்துக்குக் கொஞ்சமும் மட்டும் வைத்துக்கொண்டு, வேண்டாத ஆட்களையும் சாமான்களையும் இறக்கிவிட்டு வரும்.

அதே எம்ஐ-17 இன்னொரு எம்ஐ-17ஐத் தூக்குமா? தூக்காது. வெறும் கூடாகவே அது 7 தொன்னுக்கு மேல். பலர் இதை யோசிப்பதில்லை. எந்த ஹெலியும் தன்னைப்போன்ற இன்னொன்றை முழுதாகத் தூக்குவது அரிது. இனத்தில் பெரிய அண்ணன் ஒருவன் வேண்டும். மூதூர்ப் பக்கச் சதுப்பில் எம்ஐ-17 ஒன்று இறங்கி எழும்ப மறுத்தால், நம்மிடம் உள்ள எதனாலும் அதை ஒரே தூக்கில் எடுக்கமுடியாது. அங்கேயே திருத்தவேண்டும், அல்லது துண்டு துண்டாகக் கழற்றவேண்டும், அல்லது அயலில் கேட்கவேண்டும். இந்திய விமானப்படை 2019 முதல் சினூக் வைத்திருக்கிறது. அதன் நடுக் கொழுக்கி மட்டும் 11 தொன்னுக்கு மேல் தாங்கும். சினூக்குக்கு எம்ஐ-17 ஒரு பாரமே அல்ல.

அப்படியானால் சினூக்கே மாட்டிக்கொண்டால்? அந்தக் கதைதான் இதில் எனக்குப் பிடித்த கதை. 2002இல் ஆப்கானிஸ்தானில், ஷாஹி-கோட் மலைப்பகுதியில் நடந்த சண்டைக்குப் பிறகு அமெரிக்கச் சிறப்புப் படையின் சினூக் ஒன்று 2,600 மீற்றர் உயரத்தில், மலைச்சரிவில் கிடந்தது. கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றியபின்னும் 12 தொன் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்த உயரத்தில் அமெரிக்கர்களிடம் இருந்த சிஎச்-53ஈ என்ற பெரிய ஹெலியால்கூட 9 தொன் அளவுதான் தூக்கமுடியும். கடைசியில் எங்கே போனார்கள் தெரியுமா? பக்கத்துத் தஜிகிஸ்தானில் கட்டட வேலையும் தீயணைப்பும் பார்த்துக்கொண்டிருந்த ரஷ்ய எம்ஐ-26 ஒன்றை மூன்று இலட்சம் டொலர் வாடகைக்குப் பிடித்தார்கள். எட்டுத் தகடுகள் கொண்ட 32 மீற்றர் விசிறி, 20 தொன் தூக்கும் திறன். பனிப்போர்க் காலத்தில் சோவியத் இராணுவத்துக்காகச் செய்த யானை, அமெரிக்க இராணுவத்தின் குதிரையைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு காபூலுக்குப் போனது.

அந்தக் கதையில் கவனிக்கவேண்டியது, உயரம் கூடக் கூடத் திறன் குறைவது. மேலே காற்று ஐது. ஐதான காற்றில் விசிறிக்குப் பிடி குறைவு, எஞ்சினுக்கு மூச்சும் குறைவு. 2021இல் கலிபோர்னியாவில் 3,600 மீற்றருக்கு மேற்பட்ட மலையொன்றில் முரட்டுத்தனமாக இறங்கிச் சேதமடைந்த கடற்படை ஹெலியை எடுக்க, அப்போது இன்னும் சோதனைகளில் இருந்த சிஎச்-53கே என்ற புதிய பெரிய ஹெலியைத்தான் அனுப்பவேண்டி வந்தது. அது தூக்கியது ஏழு தொன்னுக்கும் சற்றுக் குறைவு. கடல்மட்டத்தில் என்றால் அதைப்போல இரண்டு மடங்கைத் தாராளமாகத் தூக்கும்.

எங்களுக்கு அந்த உயரம் இல்லை. ஆனால் கச்சான் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும்போது காய்ந்து சூடேறி, தம்பலகாமம் வயல்வெளியைக் கடந்து முகத்தில் அடிக்கும் அந்தக் காற்றுச் சூட்டில், நிழலிலேயே வெப்பமானி 36, 37 காட்டும். சூடான காற்றும் ஐதான காற்றுதான். மட்டுமட்டாகத் தூக்கும் எம்ஐ-17க்கு அந்த நடுப்பகலில் சில நூறு கிலோ நட்டம். காலை ஆறு மணிக்கு முடிகிற வேலை மத்தியானம் ஒரு மணிக்கு முடியாது. எண்ணெய் வயலில் நாங்கள் விடியமுன் மூன்றரைக்கு எழும்பியது சும்மா அல்ல.

பாரம் முடிந்தது, இனிக் கட்டு. சின்ன வயதில் தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டியிருக்கிறீர்களா? கட்டியிருந்தால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். பட்டத்தின் உயிர் முச்சையில், அதாவது பட்டத்தையும் நூலையும் சேர்க்கும் கட்டில், இருக்கிறது. முச்சை ஒரு விரற்கடை மேலேறினால் குத்தும், கீழே போனால் எழும்பாது, பக்கம் சரிந்தால் சுற்றும். வாலைக் கொஞ்சம் நீட்டினால் ஆட்டம் அடங்கும். தொங்கும் ஹெலிக்குச் செய்வதும் அதே முச்சையும் அதே வாலும்தான், நோக்கம் மட்டும் நேரெதிர். பட்டம் எழும்பவேண்டும், இது எழும்பக்கூடாது.

முச்சையை எங்கே கட்டுவது? வயிற்றைச் சுற்றிப் பட்டி போடலாமே என்று என்னுடன் வேலைசெய்த பலர் நினைத்தார்கள். தேவையில்லை. யோசித்துப் பாருங்கள்: பறக்கும்போது ஹெலிகொப்டர் எதில் தொங்குகிறது? தன் விசிறித் தண்டில். அதன் முழு எடையும் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஒரே தண்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே தகடுகளைக் கழற்றிவிட்டு, தண்டின் தலையில் அதற்கென்று செய்த இரும்புப் பிடியைப் பூட்டி, அதிலிருந்து கயிற்றைக் கொண்டுபோனால், அது பிறவியிலிருந்தே தொங்கப் பழகிய புள்ளியில் தொங்கும். இப்படி ஒவ்வொரு வகை ஹெலிக்கும் பொருந்தும் பிடிகளும் பட்டிகளும் கொண்ட மீட்புப் பெட்டியை இராணுவங்கள் தயாராக வைத்திருக்கின்றன.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. முன்பக்கத்தில் இருந்த விமானிகள் இறங்கிவிட்டார்கள், பற்றரி போய்விட்டது, தோட்டாக்கள் போய்விட்டன. எடைமையம் நகர்ந்துவிட்டது. வால் கனத்து மூக்கு நிமிர்ந்து தொங்கினால், நிமிர்ந்த வயிறு காற்றை வாங்கிப் பட்டமாகும். ஆகவே மூக்கில் மணல்மூட்டை வைத்தோ பக்கக் கயிறுகளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தோ, மூக்கு ஒரு சாடையாகத் தாழ்ந்து நிற்கும்படி சரிக்கட்டுவார்கள். தரையிலிருந்து ஒரு மீற்றர் தூக்கிப் பார்ப்பது அதற்காகத்தான். சரியில்லையென்றால் இறக்கிவிட்டு மறுபடி கட்டவேண்டும். வெட்கப்படக்கூடாது; நான் ஒரே பாரத்தை மூன்று தரம் இறக்கி ஏற்றியிருக்கிறேன்.

விசிறியைக் காணாததன் காரணம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். தகடு ஒவ்வொன்றும் ஒரு சிறகு. மேலே உள்ள ஹெலியின் காற்று அடிக்க, முன்னால் போகும் வேகக் காற்றும் சேர, கட்டாத தகடு தன்பாட்டில் எழும்பி அடித்து, தன்னையும் முறித்து வாலையும் வெட்டிவிடும். கழற்ற நேரமில்லாத அவசரத்தில் தகடுகளை வாலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவதும் உண்டு. வாலில் உள்ள சின்ன விசிறியையும் சுழலாமல் கட்டுவார்கள். வாலின் கிடைத்தகடும் ஒரு சிறகுதான். அதைக் கழற்றுவார்கள், முடியாவிட்டால் அசையாமல் பூட்டுவார்கள். கதவு, மூடி, தொங்கும் வயர் என்று படபடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒட்டுநாடா.

வாலில் பார்த்த சின்னப் பரசூட்தான் பட்டத்தின் வால். விழுவதைத் தடுக்க அல்ல, வாலைப் பின்னுக்கு இழுத்து மூக்கைப் போகும் திசையில் நிறுத்திவைக்க. ஒற்றைக் கொழுக்கியில் தொங்கும் எதுவும் சுற்றப் பார்க்கும். சினூக்குக்கு வயிற்றில் மூன்று கொழுக்கிகள் உண்டு. முன்னும் பின்னும் உள்ள இரண்டில் பிடித்துத் தூக்கினால், ஊஞ்சல் பலகை போல, பாரத்தால் சுற்றவே முடியாது. ஒற்றைக் கொழுக்கி ஹெலிக்கு அந்த வசதி இல்லை. வாலை நம்பித்தான் போகவேண்டும்.

கொழுக்கி மாட்டும் அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கீழே கிடக்கும் ஹெலியின் முதுகில் இரண்டு பேர் ஏறி நிற்போம். ஒருவன் கையில் கயிற்றின் தலைவளையம். மற்றவன் கையில் நீண்ட பிளாஸ்டிக் கம்பு. அதன் நுனியில் உலோகக் கொக்கி, அதிலிருந்து ஒரு செப்பு வயர் நிலத்தில் அடித்த இரும்புக் கூரில் முடியும். பறக்கும் ஹெலியின் உடம்பில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். காய்ந்த தூசிக் காற்றில் இன்னும் மோசம். கம்பால் முதலில் தொட்டு அதை நிலத்துக்கு இறக்காமல் கையால் கொழுக்கியைத் தொட்டால், அடி வாங்கி முதுகிலிருந்து கீழே விழவேண்டியதுதான். நான் ஒருமுறை தொட்டேன். தோள்வரை மரத்துப்போய், விரல்கள் அன்று பின்னேரம்வரை பேச்சுக் கேட்கவில்லை.

மேலே சினூக் அளவு ஹெலி முழுப் பாரத்தோடு நின்றால், விசிறியிலிருந்து இறங்கும் காற்று புயல்போல இருக்கும். சின்னக் கற்கள் சன்னம்போல முழங்காலில் அடிக்கும். பேச்சு கிடையாது, சைகைதான். கொழுக்கி தலைக்கு மேலே ஒரு முழம் இப்படியும் ஒரு முழம் அப்படியும் ஆடும். வளையம் விழும்போது வரும் 'டக்' என்ற ஓசை காதில் கேட்காது, கையில் தெரியும். உடனே இழுத்துப் பார்த்து, இறங்கி, முன்பே பேசிவைத்த பக்கத்துக்கு ஓடவேண்டும். அந்தப் பக்கம் ஏன் முக்கியமென்றால், மேலே எஞ்சின் நின்றுபோனால் விமானி மறுபக்கத்துக்கு விழுத்துவதாக ஒப்பந்தம்.

பிறகு மேலே இருப்பவரின் பாடு. பதினைந்து மீற்றர் கயிற்றில் தொங்கும் பாரம் ஒருமுறை ஆடிப்போய்த் திரும்ப ஏறத்தாழ எட்டு வினாடி எடுக்கும். மெதுவான ஆட்டம். அதுதான் வினை. விமானி கண்ணாடியில் பார்த்து, "இடது பக்கம் போகிறது" என்று கைபிடியைத் திருப்பும்போது அது வலது பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும். ஊஞ்சலில் இருப்பவனைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல, திருத்த நினைத்தே ஆட்டத்தை வளர்த்துவிடுவார். பழகியவர்கள் துரத்துவதில்லை. வேகத்தைக் குறைப்பார்கள், மெல்ல ஒரு வளைவு எடுப்பார்கள், ஆட்டம் தானே தணியும்வரை பொறுப்பார்கள். இவ்வகைப் பாரத்தோடு கார் ஓடும் வேகத்தில்தான் போகமுடியும். அவசரப்பட்டு வேகம் கூட்டினால் பாரம் பறக்கத் தொடங்கும்.

அப்படித் தொடங்கியதை 2024 ஓகஸ்ட் 31 அன்று இந்தியாவில் பலர் கண்ணால் கண்டார்கள். கேதார்நாத்தில் மே மாதம் அவசரமாகத் தரையிறங்கிய தனியார் ஹெலி ஒன்றை, இந்திய விமானப்படையின் எம்ஐ-17 கௌச்சருக்குத் தூக்கிப் போனது. பாரம் குறைவுதான், அந்த ஹெலி சின்னது. ஆனால் கொஞ்சத் தூரத்தில் காற்றும் ஆட்டமும் சேர்ந்து சமநிலை குலைந்தது. விமானி கீழே ஆளில்லாத இடம் பார்த்துக் கழற்றிவிட்டார். அது மந்தாகினி ஆற்றோரப் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது, ஒருவருக்கும் காயமில்லை. காணொளியைப் பார்த்தவர்கள் கயிறு அறுந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அறவில்லை. இதே கேதார்நாத்திலிருந்து 2019 ஒக்டோபரில் இதே வகை ஹெலி, உடைந்த இன்னொரு தனியார் ஹெலியை ஒழுங்காகத் தூக்கி டெஹ்ராடூனில் இறக்கியது. அது யாருடைய கைத்தொலைபேசிக்கும் வந்திருக்காது.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதுதான் பதில். கயிறு அறுவது மிக அபூர்வம். தொங்கும் எடையைப்போலப் பல மடங்கு தாங்கும் கயிற்றைத்தான் போடுவார்கள். விமானியே கழற்றிவிடுவதுதான் நடப்பது. அதற்கான பொத்தான் அவர் விரலுக்குக் கீழேயே இருக்கும். பல கோடி பெறும் சொத்தென்றாலும், மேலே இருக்கும் நான்கைந்து உயிர்களுக்கு முன் அது இரும்பு. கழன்ற கணத்தில் மேலே உள்ள ஹெலி பாரம் குறைந்து துள்ளி எழும்பும். கழற்றலாம் என்பதனால்தான் வீடுகளுக்கு மேலே இப்படிப் போகமாட்டார்கள். மூதூரிலிருந்து சீனக்குடா விமானத்தளத்துக்கு ஒரு ஹெலியைத் தொங்கவிட்டுக் கொண்டுவரவேண்டி வந்தால், நான் கோடு போட்டுக் கொடுப்பது கொட்டியாரக்குடாத் தண்ணீருக்கு மேலாகத்தான். கிண்ணியா ஊருக்கு மேலாக ஒருபோதும் அல்ல. படகுக்காரர்களுக்கு முதல்நாளே சொல்லி அந்த வழியை வெறிதாக்கிவிடவேண்டும்.

இறக்கும் இடத்தில் பலர் மூச்சை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். தொங்கும் ஹெலியின் சக்கரம் தரையைத் தொட்டதும், மூக்குக்கும் வாலுக்கும் கட்டிய கயிறுகளை நால்வர் பிடித்துக்கொள்வார்கள். கயிறு தளரும்வரை மேலே உள்ளவர் மெல்ல இறங்குவார். ஆனால் உடனே கழற்றமாட்டார். ஓரிரு மீற்றர் பக்கவாட்டில் நகர்ந்து, கயிறு நிலத்துக்கு மேலே வந்தபிறகுதான் பொத்தானை அழுத்துவார். நேர் மேலே நின்று கழற்றினால், கயிற்றின் தலையிலுள்ள இரும்பு வளையம் விழுவது அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஹெலியின் விசிறித் தண்டில்.